குத்தகை வீடும் குடியிருப்போர் உரிமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

இலக்கியம் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். இந்த மேடையில் இலக்கியம் பேச என்னினும் தகுதியுடையோர் பலர் இருக்கின்றனர். யானோ முப்பத்தைந்து ஆண்டுகள் பிறருடைய பத்திரங்களை எழுதிப் பிழைத்தவன். முதலில் சிற்றூர் வட்டத்திலும், பின்னர் தேவிகுளம் வட்டத்திலும், சார்பதிவாளர் அலுவலக வாயிலில் அமர்ந்து ஆதாரம் எழுதினேன். ஆதலின் யான் அறிந்த இலக்கியத்தையே பேச இசைவு கேட்டேன். ‘குத்தகைச் சீட்டு’ என்பது அவ்விலக்கியத்தின் பெயர். அதைப் படிப்போர் மிகச் சிலர். ஆனால் அதன் கடைசி வரியை நம்பி வாழும் குடும்பங்கள் இந்தப் பந்தலிலேயே பல இருக்கின்றன.

சென்ற ஆவணியில் நம் காலனியைச் சேர்ந்த ஒரு தாயார் என் வீட்டிற்கு வந்தார். பெயர் வேண்டா. கையில் ஒரு துணிப்பை; பையில் ஒரு தகரப் பெட்டி; பெட்டியில் ஒரே ஒரு பத்திரம். கணவர் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் ஆறு சென்ட் நிலத்தை 30 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, முறைப்படி பதிவும் செய்து, அதில் கல்லும் ஓடுமாக ஒரு வீடு கட்டினார். “ஐயா, வீடு எங்களுடையது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தோம். நிலத்துக்காரர் மகன் வந்து, அடுத்த சித்திரையோடு தவணை முடிகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்” என்றார். யான் பத்திரத்தைப் படித்தேன். மகன் சொன்னது உண்மையே. புதுப்பித்தலைப் பற்றி அதில் ஒரு வரி இருக்கத்தான் செய்தது. “தவணை முடிந்தபின் இரு தரப்பாரும் ஒப்பினால் புதுப்பித்துக் கொள்ளலாம்” என்பது அவ்வரி.

அன்பர்களே! இந்த வரியைப் போல் இனிமையானதும், இதைப் போல் பயனற்றதும் வேறில்லை. இருவரும் ஒப்பினால் எதைத்தான் செய்ய முடியாது? அதற்கு ஒரு பத்திரம் எதற்கு? ஒருவர் ஒப்பாதபோது மற்றவர்க்கு என்ன உரிமை என்று சொல்வதற்காகவே பத்திரம் எழுதப்படுகிறது.

புதுப்பிக்கும் வரியை எப்படி எழுத வேண்டும் என்று அறிய விரும்புவோர் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் மலையிலேயே அதற்கு ஒரு சான்று நிற்கிறது. பெரியாற்று அணைக்கான குத்தகைப் பத்திரத்தைச் சொல்கிறேன். அணையைப் பற்றிய வழக்கிற்குள் யான் நுழையப் போவதில்லை. இரண்டு மாநிலங்களின் உப்பையும் உண்டு வாழும் நாம் அதை வீட்டுத் திண்ணையில்கூட அளந்துதான் பேசுகிறோம். விழா மேடையில் பேசுவது தகாது. பத்திரம் எழுதினவன் என்ற முறையில் பத்திரத்தை மட்டும் பார்க்கிறேன்.

1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், திருவிதாங்கூர் மகாராஜாவின் அரசுக்கும் இந்திய மந்திரிக்கும் இடையே அந்தப் பத்திரம் கையெழுத்தாயிற்று. அவ்வாண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து 999 ஆண்டுகள் அதன் தவணை. ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் 8,000 ஏக்கருக்கு ஆண்டுப் பாட்டம் 40,000 ரூபாய். கணக்கிட்டுப் பாருங்கள்: 2884ஆம் ஆண்டின் இறுதியில்தான் தவணை முடியும். அத்தனை நூற்றாண்டுகள் கையிலிருந்தும், அதை எழுதியவர்கள் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடவில்லை. தவணை முடியும்போது, குத்தகை கொண்டவர் விரும்பினால், இதே நிபந்தனைகளின் மேல் இன்னும் 999 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துத் தர வேண்டும் என்று அப்போதே எழுதி வைத்தார்கள். ‘குத்தகை கொண்டவர் விரும்பினால்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். ‘இருவரும் ஒப்பினால்’ என்பதன்று. யாருடைய விருப்பம், எத்தனை ஆண்டு, எந்தப் பாட்டம் என்ற மூன்றும் அந்த ஒரே வாசகத்தில் அடங்கிவிட்டன. ஆயிரம் ஆண்டுக் குத்தகைக்காரன் இவ்வளவு அஞ்சி எழுதினான். முப்பது ஆண்டுக் குத்தகைக்காரராகிய நாம் அஞ்சாமல் கையெழுத்திடுகிறோம்!

கொடுத்தவர் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். பாட்டத்தை உயர்த்துவதற்கு அந்தப் பத்திரத்தில் வழி வைக்கவில்லை. 84 ஆண்டுகள் அதே ஐந்து ரூபாய் ஓடிற்று. 1970ஆம் ஆண்டு மே மாதம் இரு மாநிலங்களும் துணை ஒப்பந்தங்கள் செய்துகொண்டபோதுதான் அது ஏக்கருக்கு 30 ரூபாய் ஆயிற்று. 30 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளவும் வகை செய்யப்பட்டது. அணைநீரில் மீன்பிடிக்கும் உரிமையைத் தமிழ்நாடு விட்டுக்கொடுத்ததும், மின்னாக்கத்திற்கு இசைவு பெற்றதும் அப்போதுதான். ஆக, பழைய குத்தகையை நீட்டுவதும் திருத்துவதும் ஒரு பக்கம் மட்டும் பெறுகிற செயலன்று. ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்றைப் பெற முடியும். நம் தாயார் போன்றோர் நிலத்துக்காரரிடம் பேசப் போகும்போது இதை மனத்திற்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டுக்கு முந்தைய பாட்டத்தையே இன்னும் தருவேன் என்றால் யாரும் இசையமாட்டார்.

இனி, குத்தகைக்கும் கீழே ஒரு படி உண்டு. அதைச் சொல்லாமல் மூணாற்றுப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது.

1877ஆம் ஆண்டு ஜூலை மாதம், பூஞ்சாற்று மன்னரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளில் ஏறக்குறைய 227 சதுர மைல் நிலத்தைப் பெற்றார். ஆண்டுப் பாட்டம் 3,000 ரூபாய். அந்த நிலத்தைக் காடு திருத்தித் தேயிலைத் தோட்டமாக்கியவர் பெரும்பாலும் நம்மவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணிமார் அழைத்துவர மலையேறியவர்கள். மேலே மன்னர் கொடுத்த பாட்டம். அதன்கீழ்த் தோட்டக்காரர் உரிமை. அதற்கும் கீழே லயத்து ஓர் அறை. 1971ஆம் ஆண்டில் கேரள அரசு கண்ணன் தேவன் மலைகள் நில மீட்புச் சட்டத்தை இயற்றிற்று. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. தேயிலை நின்ற நிலம் தோட்டத்திற்கே விடப்பட்டது. மன்னர், மந்திரி, கம்பெனி, அரசு என்று மேலே உரிமை கைமாறிக்கொண்டே இருந்தது. லயத்து அறையில் இருந்தவனுக்கு மட்டும் எந்த ஆண்டிலும் எந்தப் பத்திரமும் இல்லை.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் தங்கி உழைப்போர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் வீடு தர வேண்டும் என்றது. நல்ல சட்டம், அதை யான் குறைகூறவில்லை. ஆயினும் வேலை இருக்கும் வரைதான் அந்த வீடு. அதைச் சட்டமொழியில் ‘அனுமதி’ என்போம், குத்தகை அன்று. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1959ஆம் ஆண்டிலேயே, டில்லியில் ஒரு ஓட்டலைப் பற்றிய வழக்கில் விளக்கியிருக்கிறது. தாளின் தலைப்பில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதன்று கேள்வி. இடத்தைத் தனக்கே உரியதாக வைத்தாளும் உரிமை கொடுக்கப்பட்டதா என்பதே கேள்வி.

என் தந்தையார் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொன்பது ஆண்டுகள் உழைத்தார். தோட்டத்தின் பெயரை யான் சொல்லவில்லை; அன்று எல்லாத் தோட்டங்களும் ஒன்றே போல்தான் இருந்தன. ஐம்பத்தெட்டாம் வயதில் அவருக்கு ஓய்வு வந்தது. ஓய்வு என்றால் வேலையினின்று ஓய்வு என்று நினைப்பீர்கள். எங்கள் ஊரில் அதற்கு அறைச் சாவியைத் திருப்பிக் கொடுப்பது என்றே பொருள். வீட்டில் யாராவது ஒருவர் பெயர் செக்ரோலில் இருந்தால் அறை தங்கும். யான் அப்போது பள்ளியிறுதி வகுப்பு. என் தங்கை ஒன்பதாம் வகுப்பு. இரவெல்லாம் தந்தையாரும் தாயாரும் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தனர். காலையில் என் தங்கை சீருடை அணியவில்லை. கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு தாயாருடன் பிரட்டுக்குப் போனாள். யான் பள்ளிக்குப் போனேன்.

அந்த அறையில்தான் யான் படித்து முடித்தேன், பத்திரம் எழுதக் கற்றேன், திருமணமும் செய்துகொண்டேன். அதற்கான வாடகையை என் தங்கை செலுத்தினாள். எந்தப் பத்திரத்திலும் அந்தத் தொகை எழுதப்படவில்லை. என்னைவிட அவள் கணக்கில் கெட்டிக்காரி. இன்று அவள் இந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். இதைச் சொல்வேன் என்று அவளிடம் முன்பே சொல்லவில்லை; வீட்டிற்குப் போனபின் கோபித்துக்கொள்வாள்.

1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கேரளத்தில் நிலக்குத்தகை முறை ஒழிந்தது என்று நாம் பெருமையுடன் சொல்கிறோம். பெருமைக்குரியதே. பிறர் நிலத்தில் குடிசை கட்டி இருந்த குடிகிடப்புக்காரர்க்கு ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட் வரையும், சிறு நகரங்களில் ஐந்து, பெருநகரங்களில் மூன்று சென்ட் வரையும் நிலத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. சிற்றூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில், அப்படிப் பட்டயம் பெற்ற தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை யான் அறிவேன். பத்து சென்ட் கிடைத்ததும் முதலில் ஒரு தென்னங்கன்று நட்டார்கள். வீட்டை அப்புறம்தான் பழுது பார்த்தார்கள். ஆனால் தோட்டங்கள் நில உச்சவரம்பினின்று விலக்கப்பட்டிருந்தன. லயத்து அறைகளுக்கு அந்தப் பத்து சென்ட் வரவில்லை. மலையின் அடிவாரத்தில் இருந்தவனுக்குக் கிடைத்தது மலைமேல் இருந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

அதன் முடிவை 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் கண்டோம். மலை சரிந்து லயங்களை மூடிற்று. எழுபது பேர் மாண்டனர். அவருள் பலருக்குக் கயத்தாற்று வட்டாரமே பூர்விகம். நம்மில் சிலர் அங்கே உறவினரை இழந்தோம். அதைப் பற்றி இங்கே மேலும் பேச என்னால் இயலாது. ஒன்று மட்டும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்: சொந்தமாக நான்கு சென்ட் இருந்திருந்தால், அந்த மழையில் அவர்கள் அந்த ஓடையோரத்தில்தான் படுத்திருப்பார்களா?

நாட்டிற்கு வெளியே இருப்போர் நிலை வேறு என்று எண்ணுகிறோம். நம் காலனிப் பிள்ளைகள் சிலர் சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறார்கள், புதுமனை புகுவிழாப் படம் வருகிறது, மகிழ்கிறோம். அங்கே வீட்டு வசதி வாரியம் விற்கும் வீடு 99 ஆண்டுக் குத்தகை வீடு என்பதைப் பெற்றோர் அறிவதில்லை. கேலாங்குப் பகுதியில் மூன்றாம் சந்தில் 191 தனியார் வீடுகள் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்தன. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் தவணை முடிந்தது. இழப்பீடின்றி நிலம் அரசைச் சேர்ந்தது. அந்நாட்டில் வீட்டு நிலம் அப்படித் தவணை முடிந்து திரும்பியது அதுவே முதல் முறை. சட்டப்படி அதில் பிழையில்லை, தொடக்கத்திலேயே எழுதியிருந்தது. எழுதியதைத் திருப்பிப் படிக்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

இங்கிலாந்தில் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் குத்தகை வீடுகளே. அங்கே 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. நிலத்துக்காரர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், உரிய தொகையைச் செலுத்தினால், மீதமுள்ள தவணையோடு இன்னும் 90 ஆண்டு சேர்த்து நீட்டித்துத் தர வேண்டும். 2024ஆம் ஆண்டுச் சட்டம் அதை 990 ஆண்டு என்று விரித்தது. அச்சட்டத்தின் பகுதிகள் ஒரே நாளில் அல்லாமல் ஒவ்வொன்றாக நடைமுறைக்கு வருவன. 1993ஆம் ஆண்டுச் சட்ட முறைப்படி, மீதத் தவணை 80 ஆண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் நீட்டிப்பதற்கான தொகை ஏறிவிடும். எண்பது ஆண்டு இருக்கிறதே என்று உறங்குபவர் அங்கே பணம் இழக்கிறார். நீட்டித்த பின் தர வேண்டிய ஆண்டுப் பாட்டம் என்ன தெரியுமா? ஒரு மிளகு! பெயருக்கு ஒரு வாடகை என்பதை ஆங்கிலேயர் பத்திரத்தில் அப்படித்தான் எழுதுவர். இடுக்கி மலையில் மிளகுக் கொடி வளர்க்கும் நம்மவர்க்கு இது வேடிக்கையாக இருக்கும். நாம் மூட்டை மூட்டையாக மிளகு பறித்தும் ஓர் அறை நமக்கு நிலைக்கவில்லை.

டில்லியிலும் வளர்ச்சி வாரிய வீடுகள் குத்தகை உரிமையாகவே தரப்பட்டன. 1992ஆம் ஆண்டு முதல் தொகை செலுத்தி அவற்றை முழு உரிமையாக மாற்றிக்கொள்ள வழி திறந்தது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல அப்படி மாற்றிக்கொண்டன. அத்தகைய பொதுவான உரிமை தனியார் நிலத்தில் குத்தகைக்கு இருக்கும் நமக்கு இல்லை. இந்திய நாட்டில் தனியார் குத்தகை நீளுவதும் நிற்பதும் பத்திரத்து வாசகத்தைப் பொறுத்தது.

இனிக் காரியத்திற்கு வருகிறேன். நடன ஆசிரியை மேடைக்குப் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். பதிவுச் செலவுக்கு அஞ்சிப் பதினொரு மாதச் சீட்டு எழுதிக்கொண்டு பதினைந்து ஆண்டு இருப்போர் நம்மில் பலர். ஒத்திக்கு வீடு பிடிப்போரும் அப்படியே. மகள் திருமணத்திற்குச் சேர்த்த பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, இருபது ரூபாய்த் தாளில் இரண்டு கையெழுத்தோடு நிம்மதியாக உறங்குகிறார்கள். அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கம் பார்ப்பதில்லை.

தவணை முடிந்தபின் நிலத்துக்காரர் வாடகையை வாங்கிக்கொண்டால், குடியிருப்புக்கான குத்தகை மாதத்திற்கு மாதம் நீளும் என்று சட்டம் கொள்கிறது. ஆனால் அப்படி நீண்டதைப் பதினைந்து நாள் அறிவிப்பில் முடிக்கலாம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடக்கும் பகுதியாயின் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. எல்லாக் குத்தகைக்கும் அது உதவாது. எனவே பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு மாதமும் வாடகை தராதீர்கள். அரசு நிலத்தைக் குத்தகைப் பாட்டமாகப் பெற்றோர் இந்த மாதக் கணக்கை நம்பவே வேண்டா. அதற்குத் தனி விதிகள்; பாக்கி இருந்தால் வட்ட அலுவலகத்தில் அதை முதலில் தீர்த்து, தவணை இருக்கும்போதே புதுப்பிக்க மனுச் செய்ய வேண்டும். குத்தகைக்காரர் மறைந்திருந்தால் வாரிசுச் சான்று பெற்று உயிரோடிருப்போர் பெயருக்கு மாற்ற வேண்டும். இறந்தவர் பெயரில் மனுச் செய்து திரும்பி வந்தவர் எத்தனை பேர் என்பதை யான் அறிவேன்.

கட்டிய வீட்டைப் பற்றியும் கேட்கிறீர்கள். வேறு ஏற்பாடு எழுதாவிட்டால், குத்தகைக்காரர் தாம் நிலத்தில் பொருத்தியவற்றை, நிலத்தைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தருவதாயின், எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் சொல்கிறது. ஓட்டையும் கதவையும் எடுக்கலாம். சுவரை எப்படி எடுப்பது? ஆகவே, கட்டடத்தின் மதிப்பைத் தவணை இறுதியில் நிலத்துக்காரர் தர வேண்டும் என்று எழுதிக்கொண்டபின் அடிக்கல் நாட்டுங்கள்.

மொழியைப் பற்றி ஒன்று. பத்திரமும் அறிவிப்பும் மலையாளத்தில் வருகின்றன. நம் பெண்கள் படிக்க நாணிக் கைநாட்டு வைத்துவிடுகின்றனர். மலையாளம் நமக்கு அயல்மொழியன்று, உடன்பிறந்த மொழி, பிள்ளைகளுக்கு அதையும் நன்கு கற்பியுங்கள். அதே வேளையில், மொழிச் சிறுபான்மையர் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில், அங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே விடை பெறவும் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தந்தது. என் அனுபவத்தில் அதைப் பயன்படுத்திய தமிழரைக் கைவிரல் விட்டு எண்ணலாம்.

அந்தத் தாயாரின் செய்தியைச் சொல்ல வேண்டும். நிலத்துக்காரர் காலமாகிவிட்டார், வாரிசுகள் நால்வர், ஒருவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். தவணை முடிய எட்டு மாதம் இருக்கும்போதே நால்வர்க்கும் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்பினோம்: பாட்டத்தை இன்றைய நிலைக்கு உயர்த்தத் தயார், பதினைந்து ஆண்டு நீட்டித்துத் தர வேண்டும், இன்றேல் கட்டடத்தின் மதிப்பைத் தர வேண்டும் என்று. பத்திர வாசகப்படி இரண்டாவதைக் கேட்க நமக்கு உரிமை இல்லை என்பதையும் தாயாரிடம் மறைக்கவில்லை. கேட்டுப் பார்ப்பதில் இழப்பில்லை என்றே கேட்டோம். இருவர் இசைந்திருக்கின்றனர். மூத்த மகன், “அம்மா அந்த வீட்டில் என் அப்பாவுக்கு மோர் கொடுத்தவர்கள்” என்று எழுதியிருந்தார். மற்ற இருவர் இன்னும் விடை தரவில்லை. சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

வரும் ஞாயிறு தொடங்கி, ஞாயிறுதோறும் காலை பத்து மணிமுதல் பன்னிரண்டு வரை சங்க நூலகத்தில் யான் அமர்ந்திருப்பேன். உங்கள் குத்தகைச் சீட்டு எதுவாயினும் கொண்டு வாருங்கள். படித்துத் தவணை முடியும் நாளை எழுதித் தருகிறேன். மூலப் பத்திரத்தைக் கொண்டுவர வேண்டா. படி எடுத்து வாருங்கள். கட்டணம் இல்லை. வழக்கறிஞர் தேவைப்படுகிற காரியமாயின் அதையும் சொல்லிவிடுவேன். வரும்போது வாடகைப் பற்றுச்சீட்டுகளையும் மறவாமல் எடுத்து வாருங்கள். அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருப்பீர்கள், தேடுங்கள்.